செம்பும் களிம்பும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட் என்ற மலை முனையில் நின்று கீழே நகரத்து விளக்குகளைக் கண்டு, ஒரு பொட்டலம் மிளகும் காப்பித் தூளும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மலையிலேயே தங்கி, மார்கழி மாதத்து மூடுபனி காப்பிச் செடிகளின் நடுவே மெல்ல ஊர்ந்து வந்து ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நுழைவதைக் காணும் பாக்கியம் சிலருக்கே வாய்க்கிறது. அப்படிப்பட்ட ஒரு காலைப் பொழுதில், ஓய்வு பெற்ற ஆசிரியரான என் நண்பர் ஒருவர், முன்னறை மேஜையின் மேல் வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்த ஒரு பெட்டியின் துணியை விலக்கி, அதன் பின்புறத்து சுவிட்சைத் தட்டினார். முதலில் கனத்த ஒரு ஸ்வரம். அதை ஒட்டி மெல்லிய ஒரு ஸ்வரம். கறுத்த திரையில் ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’ என்று வெள்ளை எழுத்து வந்து நின்றது. அதற்குக் கீழே ஒரு சிறு கோடு மின்னி மின்னி, ‘என்ன உத்தரவு?’ என்று கேட்கும் பணியாளைப் போலக் காத்திருந்தது.

“இது என்ன விலை பெறும்?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு எனக்கே சற்று வெட்கமாக இருந்தது. வீட்டிலுள்ள பெரியவரை நமக்கு அறிமுகம் செய்து வைக்கும்போது, அவருடைய சம்பளம் என்ன என்று கேட்பது போல அல்லவா ஆயிற்று? நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை. “சேலத்துக் காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில் ஒரு விலை சொன்னார். சீமையில் இருக்கும் ஒருவர் பவுன் கணக்கில் ஒரு விலை சொல்கிறார். நான் இரண்டையும் கேட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்கு எதைச் சொல்லட்டும்?” என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் இங்கே சற்று நிதானமாக ஆராய விரும்புகிறேன். ஒரே பொருளுக்கு ஒருவர் எடையையும், மற்றொருவர் பொன்னையும், வேறொருவர் புஷ்பத்தையும் அளவுகோலாகக் கொள்ளும்போது, மதிப்பு என்பது பொருளிடத்தில் இருக்கிறதா, பார்ப்பவர் மனத்தில் இருக்கிறதா, அல்லது இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் உறவில் இருக்கிறதா?

அந்தப் பெட்டியின் பூர்வோத்தரம் சுருக்கமானது. கேம்பிரிட்ஜ் நகரத்திலிருந்த ஏகார்ன் என்ற கம்பெனி, பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் நடத்திய கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்துக்காக 1981-ஆம் ஆண்டு டிசம்பரில் அதை வெளியிட்டது. நம் தேசத்தில் மத்திய அரசாங்கம் 1984-இல் ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் தவணையாக 250 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து இந்த யந்திரத்தையே அனுப்பி வைத்தது. பிறகு, சண்டீகரை அடுத்த மொஹாலியில் இருந்த அரசாங்க சிப் தொழிற்சாலை இதையே ‘யூனிகார்ன்’ என்ற நாமத்தோடு இங்கேயே செய்தது; அந்தத் தொழிற்சாலை 1989-இல் தீக்கிரையாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில் புனேயின் டெசிபெல்ஸ் கம்பெனி, ஸின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்ற சிறு யந்திரத்தை இந்தியாவில் விற்றது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாகவும், பாட்டுக் கேட்கும் டேப் ரிக்கார்டரையே புத்தக அலமாரியாகவும் கொண்டு, ஒரு கேசட் சில நிமிஷம் கீச்சிட்டு முடிந்ததும் ஒரு விளையாட்டையோ ஒரு கணக்கையோ கண்முன் நிறுத்திய அந்தச் சிறு பெட்டியின் முன் கைகட்டி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள்.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறையை அறிந்தவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். வகுப்பறைகளில் மின்விசிறிகூட இல்லாத பள்ளியிலும் அந்த ஓர் அறைக்குக் குளிர்சாதனம் உண்டு, திரைச்சீலை உண்டு, வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாரத்தில் ஒரு நாள், வரிசையாக நின்று, மூன்று பேருக்கு ஒரு யந்திரமாக, ஆசிரியர் அனுமதித்த பிறகே ஒரு விசையைத் தொடலாம். தூசி புகாமல் இருக்க வேண்டும் என்பது வெளிக் காரணம். ஆனால், கர்ப்பக்கிருகத்தின் முறையைத் தவிர வேறு எந்த முறையிலும் ஓர் அரிய வஸ்துவை அணுகத் தெரியாத ஒரு ஜனசமூகம், தனக்குத் தெரிந்த மரியாதையைச் செய்தது என்பதே உட்காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே யந்திரம், சில வருஷங்கள் கழித்து, ஒரு பள்ளியில் உடைந்த பெஞ்சுகளோடும் துருப்பிடித்த மணியோடும் சேர்த்துத் தராசில் ஏறிற்று. என் நண்பர் அந்தத் தராசிலிருந்துதான் இதை இறக்கிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னவர்களே அதை இரும்பு விலைக்குப் போட்டதில் அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரயோஜனத்தை அளவுகோலாகக் கொண்டால் அந்தத் தீர்ப்பு நியாயமானதுதான். இன்று நாம் கைப்பேசியில் விளையாட்டாக எடுக்கும் ஒரு புகைப்படம், இந்த யந்திரத்தின் நினைவகம் முழுவதையும் போல் நூறு மடங்கு இடம் கேட்கும். உழைக்க முடியாத மாட்டைக் கொட்டிலில் கட்டி வைத்துத் தீனி போடுவதற்குத் தர்மம் என்ற ஒரு காரணம் இருக்கிறது, அதற்கு உயிர் இருப்பதால். உயிரற்ற யந்திரத்துக்கு அந்தக் காரணமும் இல்லையே!

பிரயோஜனம் போனால், அடுத்தபடியாக மனிதர்கள் சொல்வது அருமை. தமிழில் இந்தச் சொல்லுக்குக் கிடைப்பதற்கு அரிது என்றும் பொருள், போற்றத்தக்கது என்றும் பொருள். இரண்டும் ஒன்றே என்று நம் பாஷையே எண்ணிவிட்டது போலும். உலகச் சந்தையும் அப்படித்தான் எண்ணுகிறது. 1976-இல் அமெரிக்காவில் ‘ஆப்பிள் 1’ என்ற பெயரில், பெட்டிகூட இல்லாத வெறும் பலகையாக, சுமார் 200 யந்திரங்கள் செய்யப்பட்டன. ஒன்றின் விலை 666 டாலர் 66 சென்ட். அவற்றில் ஒன்றை 2014-ஆம் வருஷம் ஓர் ஏலத்தில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலருக்கு எடுத்தது. செய்தியைக் கேட்கிறவர்கள் மூக்கின் மேல் விரல் வைக்கிறார்கள். ஆனால் அருமை ஒன்றே மதிப்பாகிவிடுமானால், என் பாட்டனார் கையால் எழுதிய மளிகைக் கணக்கு உலகத்தில் ஒரே பிரதிதான் இருக்கிறது. அதை எந்த ஏலத்தில் யார் கேட்பார்கள்? அரிதாக இருப்பது ஒரு பொருளின் விலையை உயர்த்தலாம். அதற்கு முன்பே யாரோ ஒருவர் அதை விரும்பியிருக்க வேண்டும்.

ஆகவே மூன்றாவதாக விருப்பத்துக்கு வந்து சேருகிறோம். இதற்கு நம் சாஸ்திரக்காரர்கள் வைத்த பெயர் வாஸனை. ஒரு முறை பெருங்காயம் வைத்த டப்பாவைப் பத்து முறை கழுவினாலும் மணம் போகாதது போல, அனுபவித்த சுகம் மனத்தில் ஒட்டிக்கொண்டு, அதைத் தந்த பொருளைக் கண்ட மாத்திரத்தில் கிளம்புகிறது. பழைய யந்திரங்களைப் பொன் கொடுத்து வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் பன்னிரண்டாவது வயதையே விலைக்கு வாங்குகிறார்கள். அந்த வயதை அந்த யந்திரத்தோடு கழித்த தலைமுறை மறைந்த பிறகு, அதே பெட்டியின் முன்னால் நின்று நெஞ்சு இளகுகிறவர் யாரும் இரார். அப்படியானால் அந்த மதிப்பு பெட்டியில் இருந்ததே அல்ல. கயிற்றின் மேல் பாம்பை ஏற்றியது போல நாம்தான் அதை ஏற்றி வைத்தோம். வேதாந்தி இதை அத்தியாசம் என்று சொல்லி எழுந்து போய்விடுவான். அவனைத் தடுத்து நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி, இந்த மலையிலேயே நடந்த ஒரு கதையைச் சொல்வதுதான்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858-இல் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயர், 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கினார். அது ஆதி மனிதன் கொத்திச் செய்த கைக்கோடரி என்று அவர் கண்டுகொண்ட அன்றுதான் பாரத நாட்டுக் கற்கால ஆராய்ச்சி தொடங்கியது என்பார்கள். அவர் பிற்காலத்தில் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தது இந்த ஏற்காட்டில். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரும் சாமானியர் அல்லர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைகொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். பிற்பாடு 6,000-க்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர். அவரும் 1882-இல் இதே ஏற்காட்டில்தான் காலமானார். தெருவில் எல்லோர் வாயிலும் இலவசமாகக் கிடந்த சொற்களை மாமனார் பொறுக்கினார். கொல்லையில் எல்லோர் காலிலும் இடறிக் கிடந்த கற்களை மருமகன் பொறுக்கினார். சந்தையில் இரண்டுக்கும் காலணா பெறாது.

ஆனால் இந்த மலையில் கற்களைப் பொறுக்கிய முதல் மனிதர் ஃபூட் அல்லர். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் என்ற பழங்குடியினர், காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்ற மரபை உடையவர்கள். உச்சியில் குனிந்து நுழைய வேண்டிய குகைக் கோயிலில் சேர்வராயரையும் காவேரி அம்மனையும் வழிபடுகிறவர்கள். அவர்கள் தங்கள் நிலத்தைக் கொத்தும்போது அவ்வப்போது கைக்கு அடக்கமான, கண்ணாடி போல வழவழப்பாகத் தேய்த்த கற்கள் அகப்படும். யார் செய்தது, எதற்குச் செய்தது என்று யாருக்கும் தெரியாது. மனிதன் செய்ததாகவும் தோன்றவில்லை. தானாக விளைந்ததாகவும் தோன்றவில்லை. அவர்கள் அவற்றை எடுத்து வந்து, பிள்ளையார் இருந்த சிறு கோயில்களில் வைத்து வணங்கினார்கள். உலகத்தின் வேறு பல பாகங்களிலும் இத்தகைய கற்களை வானத்திலிருந்து இடியோடு விழுந்தவை என்று நம்பி வீட்டில் வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். அவை உண்மையில் புதிய கற்காலத்து மனிதன் மரம் வெட்டிய கோடரிகள். அதாவது, உபயோகம் தீர்ந்து போன கருவிகள்.

அந்த ஒரு கல்லின் சரித்திரத்தை எண்ணிப் பாருங்கள். செய்தவன் கையில் அது ஆயுதம். இரும்பு வந்ததும் அது குப்பை. நூறு தலைமுறைக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த பின் மலைவாசியின் கையில் தெய்வம். ஃபூட்டின் கையில் சாட்சி. கல் மாறவில்லை, எடைகூடக் குறையவில்லை. இவர்களில் யார் அதைச் சரியாக மதித்தார்கள்? மலைவாசி அதன் பிறப்பைப் பற்றித் தவறாக எண்ணினான்; ஆனால் அது தான் விற்கத்தக்க பொருள் அன்று என்பதைச் சரியாக உணர்ந்தான். அவன் வணங்கியிராவிட்டால் பல கற்கள் மறுபடியும் மண்ணுக்கே போயிருக்கும். ஆனாலும் பக்தி ஒன்றைச் செய்யத் தவறியது. கோயிலில் வந்து குவிந்த கல், எந்தக் கொல்லையில், எவ்வளவு ஆழத்தில், எந்தக் கல்லோடு சேர்ந்து கிடந்தது என்ற விவரத்தை இழந்துவிட்டது. ஃபூட் அந்த விவரத்தைத்தான் உயிர் என்று கருதினார். ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு, கிடைத்த இடத்தை எழுதி வைத்தார். 1904-இல் சென்னை அருங்காட்சியகம் அவருடைய சேகரத்தை வாங்கியது. 1912-இல் அவர் காலமாகி, அஸ்தி ஏற்காட்டு ஹோலி டிரினிடி தேவாலயத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, 1914-லும் 1916-லும் அந்தப் பட்டியல் புத்தகமாக வெளிவந்தது. கற்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் மௌனமாக இருக்கின்றன. அந்தப் பட்டியல்தான் அவற்றின் சார்பில் பேசுகிறது.

இப்பொழுது நம் வேதாந்திக்கு ஒரு பதில் அகப்படுகிறது. பிரயோஜனமும் அருமையும் வாஸனையும் நாம் ஏற்றியவையாகவே இருக்கட்டும். சாட்சியம் மட்டும் நாம் ஏற்றியது அன்று. மேஜை மேல் இருக்கும் இந்தப் பெட்டியை யாரும் விரும்பாவிட்டாலும், அது இப்படித்தான் செய்யப்பட்டது, இன்ன பள்ளியில் இன்னார் விரல் பட்டுத் தேய்ந்தது, இதிலிருந்துதான் இன்னது பிறந்தது என்பது உண்மை. 1985 ஏப்ரலில், அதே ஏகார்ன் கம்பெனியின் எஞ்சினீயர்கள் ஏஆர்எம் என்ற புதிய சிப்பை முதன்முதலாக ஓட்டிப் பார்த்தபோது, இந்தப் பிபிசி யந்திரத்தோடு பிணைத்துத்தான் ஓட்டினார்கள். இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இயங்குவது அந்தச் சிப்பின் வம்சம். பேரன் பணக்காரன் ஆனதற்காகப் பாட்டிக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாட்டி ஒருத்தி இருந்தாள் என்பதற்கு அவளைத் தவிர வேறு யார் சாட்சி?

ஆனால் சாட்சி என்ற சொல்லை எடுத்தவுடன் ஒரு குறுக்கு விசாரணை வந்துவிடுகிறது. சாட்சிக் கூண்டில் நிற்பது அதே ஆள்தானா?

நண்பர் இந்த யந்திரத்தை முதன்முதலில் மின்சாரத்தில் இணைத்த அன்று, பத்து நிமிஷத்துக்குள் உள்ளேயிருந்து ஒரு வெடிச் சத்தமும், மீன் அழுகினாற்போல ஒரு நாற்றத்தோடு வெண்புகையும் கிளம்பின. மின்சாரம் வரும் வழியில் காவல் நிற்கும் ஒரு காகிதக் கெப்பாசிட்டர், மேலுறை வெடித்து, பல வருஷத்து ஈரத்தைக் குடித்திருந்ததன் பலன் அது. மூடுபனி உலாவும் ஊரில் இது சகஜம். சேலத்தில் சொற்ப விலைக்குப் புதிது வாங்கிப் பொருத்தினார். அதன் பின் நினைவுச் சிப் ஒன்றை மாற்றினார். விசைப் பலகையில் இரண்டு விசைகளை வேறு ஒரு செத்த யந்திரத்திலிருந்து எடுத்து வைத்தார். இதைக் கேள்விப்பட்ட மேல்நாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர், “ஐயோ, தொடாமல் வைத்திருந்தால் விலை அதிகமாக இருந்திருக்குமே!” என்று வருந்தி எழுதினாராம்.

இது பழைய விவகாரம். மிலிந்த மன்னனுக்கும் நாகசேன பிக்ஷுவுக்கும் நடந்த சம்வாதத்தில், ரதம் என்பது சக்கரமா, அச்சா, நுகத்தடியா என்று கேட்டு, இவற்றில் எதுவும் அன்று, இவை கூடியவிடத்து வழங்கும் பெயர் மாத்திரமே என்று முடித்தார்கள். நையாயிகர்களோ, அவயவங்களுக்கு மேலாக அவயவி என்று ஒன்று மெய்யாகவே உண்டு என்று வாதித்தார்கள். அறிஞர்களின் வாதம் இப்படி இருக்க, நம் ஊர்க் கோயில்களில் ஸ்தபதியும் சிவாசாரியாரும் இந்தப் பிரச்னையைக் காரியத்தில் தீர்த்து வைத்திருக்கிறார்கள். ஆலயம் பழுதுபட்டால், கலாகர்ஷணம் செய்து மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றி, பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, அங்கே தினப்படி பூஜையை விடாமல் நடத்திக்கொண்டே, இங்கே கல்லைப் பெயர்த்து, சுண்ணாம்பைச் சுரண்டி, சிதைந்ததை நீக்கிப் புதியதை வைக்கிறார்கள். முடிந்ததும் கும்பாபிஷேகம். ஆயிரம் வருஷத்துக் கோயிலில் ஆயிரம் வருஷத்துக் கல் எத்தனை என்று எண்ணிக் கொண்டா நாம் கும்பிடுகிறோம்? இடையில் ஒரு நாளும் விளக்கு அணையவில்லை என்பதே ஜீர்ணோத்தாரணத்தின் தத்துவம். வஸ்து ஒன்றாக இருப்பதற்கு ஆதாரம், அதன் அணுக்கள் மாறாமல் இருப்பதில் இல்லை. அதற்குச் செய்யும் கடமை அறுபடாமல் இருப்பதில் இருக்கிறது.

“அப்படியானால் பெட்டியே எதற்கு?” என்று ஒருவர் கேட்கலாம். அந்தப் பழைய யந்திரத்தின் நடை, உடை, பாவனை அனைத்தையும் அப்படியே நடித்துக் காட்டும் புரோகிராம்கள் இன்று வந்துவிட்டன. அதே இரட்டை ஸ்வரத்தைக்கூட உங்கள் கைப்பேசி எழுப்பும். கூடு விட்டுக் கூடு பாய்ந்த பிறகு பழைய கூட்டைக் கட்டி அழுவானேன்? இதற்குத் திருமூலர் சரிதத்தில் எனக்கு ஒரு பதில் தோன்றுகிறது. மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதறுவதைக் கண்டு மனம் பொறாத யோகி, அவன் உடலில் புகுந்து எழுந்தார். பசுக்கள் களித்தன. ஆனால் அன்று மாலை மூலனுடைய மனைவி, இவர் தன் பழைய புருஷனாக இல்லை என்று கண்டுகொண்டாள். அங்கே சரீரம் பழையது, உயிர் புதிது; கைப்பேசியில் உயிர் பழையது, சரீரம் புதிது. எப்படியானாலும் வேலை நடந்தால் போதும் என்று இருக்கும் பசுக்களுக்குத் திருப்தி. கூட வாழ்ந்தவளுக்கு மட்டும் அது போதவில்லை. விசையின் எதிர்ப்பு விரலுக்குத் தெரிய வேண்டும். திரை சூடேறும் நெடி மூக்குக்குத் தெரிய வேண்டும். அவள் கேட்டது அதைத்தான்.

இவ்வளவும் சேகரிப்பின் பெருமை. அதன் சிறுமையையும் சொல்ல வேண்டும். அதை எனக்குச் சொன்னவரும் நண்பரே. அன்று பிற்பகல் அவர் பெட்டியின் மூடியைக் கழற்றி, சிப் ஒன்றைச் சிறு திருப்புளியால் இரண்டு பக்கமும் மாறி மாறி மெல்ல நெம்பி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பல்வரிசை போல இருந்த அதன் கால்கள் பனியில் கறுத்திருந்தன. பள்ளிப் பிள்ளைகள் உபயோகிக்கும் அழிரப்பரை எடுத்து ஒவ்வொரு காலாகத் தேய்த்தார். கறுப்பு போய் வெள்ளி தெரிந்தது. பலகையின் விளிம்பில் செம்புக் கோடுகள் பச்சை பூத்திருந்தன. அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“ஒரு காலத்தில் என்னிடம் பதினொன்று இருந்தன. இது இன்னும் கிடைக்கவில்லையே, அது இன்னும் கிடைக்கவில்லையே என்று ராத்திரி தூக்கம் வராது. வந்த பிறகு பரணில் அடுக்கிவிட்டு அடுத்ததைத் தேடுவேன். மூன்று மழைக்காலம் நான் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. பிறகு திறந்தபோது ஏழு செத்துப் போயிருந்தன. கேசட்டுகளில் பூஞ்சணம். காயலான் கடைக்குப் போயிருந்தால் என்ன கதியோ அதே கதி. என்ன, என் வீட்டில் மரியாதையாகச் செத்தன.”

செம்போடு களிம்பு எப்படிக் கூடவே இருக்கிறதோ அப்படி ஆன்மாவோடு ஆணவம் அநாதியாகவே இருக்கிறது என்று சைவ சித்தாந்திகள் உவமை சொல்வார்கள். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அன்று. ஆகையால் ஒரு முறை துடைத்தால் தீராது என்பது அதன் கருத்து. சேகரிக்கிறவனுடைய ‘என்னுடையது’ என்ற எண்ணமும் அத்தகையதே. அன்பினால் தொடங்கும் காரியத்தில் அது பிறவியிலேயே கலந்திருக்கிறது. இதை உணர்ந்துதான் சமணப் பெரியோர் துறவிக்கு அபரிக்கிரகத்தை முழு விரதமாகவும், இல்லறத்தானுக்குத் தன் உடைமைக்கு எல்லை வகுத்துக் கொள்வதை அணுவிரதமாகவும் விதித்தார்கள். ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்று இல்லறத்தானிடம் அவர்கள் சொல்லவில்லை. எவ்வளவைப் பேண முடியுமோ அவ்வளவில் நில் என்றார்கள். என் நண்பர் உயிரோடு மிஞ்சிய நான்கில் இரண்டை, பிள்ளைகளுக்குக் காட்டச் சம்மதித்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

இல்லறத்தான் எந்த நிலையில் நின்று வைத்துக்கொள்வது? அதற்கும் நம் வழக்கில் ஒரு சொல் தயாராக இருக்கிறது: தர்மகர்த்தா. கோயில் சாவி அவர் இடுப்பில் இருக்கும். நிலத்துக் குத்தகை அவர் கணக்கில் வரும். ஆனால் ஒரு பிடி மண்கூட அவருடையது அன்று. சுவாமியே உடைமையாளர் என்பது நம் நாட்டுச் சட்டமும் ஒப்புக்கொண்ட விஷயம். அப்போது தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த பத்தூரில் 1976-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, களவாகக் கடல் கடந்து, 1982-இல் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பெரும் பொருள் கொடுத்து வாங்கிய நடராஜ மூர்த்தியின் வழக்கில், இடிந்து கிடந்த கோயிலே ஒரு வாதியாக லண்டன் நீதிமன்றத்தில் நின்றது; 1991-இல் நடராஜர் திரும்பி வந்தார். விலை கொடுத்தவன் உடைமையாளன் ஆகிவிடுவதில்லை என்பதை அந்நிய தேசத்து நீதிபதிகளும் ஏற்றார்கள். ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தெய்வத்தோடு ஒப்பிடுவது அபசாரம் என்று யாரும் கருத வேண்டாம். நான் ஒப்பிடுவது காவல் செய்கிறவர்களை.

காவல் என்றால் பூட்டி வைப்பதா? நவராத்திரியில் நாம் செய்கிற காரியம் இதற்கு விடை சொல்கிறது. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தையும் கருவியையும் அடுக்கி, சந்தனம் குங்குமம் இட்டு வணங்குகிறோம். அன்று முழுவதும் அவற்றைத் தொடுவதில்லை. ஆனால் மறுநாள் விஜயதசமியன்று அதே புத்தகத்தை எடுத்து நாலு வரியாவது படித்தே ஆக வேண்டும். உளியை எடுத்து நாலு செதுக்காவது செதுக்கியே ஆக வேண்டும். படிக்காமல் விட்டால் பூஜை பூர்த்தியாகவில்லை. வணங்குவதற்காக விலக்கி வைத்ததை, வணங்கிய பிறகு கையில் எடுக்க வேண்டும் என்பது எவ்வளவு ஆழ்ந்த ஏற்பாடு! பரணில் பதினொரு யந்திரங்களை அடுக்கிய காலத்தில் என் நண்பர் செய்தது விஜயதசமி இல்லாத சரஸ்வதி பூஜை. காயலான் கடைக்குப் போட்டவர்கள் செய்ததோ பூஜையே இல்லாத விஜயதசமி. பழைய கருவிக்கு உரிய தர்மம் இரண்டும் சேர்ந்தது.

அதன் பழைய வேலை போய்விட்டதே, எதற்காகக் கையில் எடுப்பது என்றால், கற்பிப்பதற்காக. அன்று மாலை பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பால் கொண்டுவந்த சிறுமி, நண்பர் சொல்லிக் கொடுத்த இரண்டு வரி ஆணையைத் தட்டிவிட்டு ஒரு விசையை அழுத்தினாள். திரை முழுதும் அவள் பெயர் மேலிருந்து கீழ் வரை ஓடி நிரம்பிற்று. “இது நான் சொன்னதைக் கேக்குது தாத்தா!” என்றாள். கைப்பேசி பார்த்து வளர்ந்த குழந்தை அவள். யந்திரம் தன்னைப் பார்க்கச் சொன்னதையே பார்த்துப் பழகியவள். யந்திரம் தன் ஆணைக்குக் காத்திருக்கும் என்பதை அவள் அன்றுதான் முதல் தடவையாகக் கண்டாள். அந்தப் பெட்டியின் மதிப்பு என்ன என்று நான் காலையில் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணிலோ, நீங்கள் படித்த பள்ளியின் பண்டக அறையிலோ பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடக்குமானால், விலை விசாரிப்பதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். உள்ளே பேட்டரி இருந்தால் கழற்றிவிடுங்கள். அது கசிந்தால் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். விஷயம் தெரிந்தவர் ஒருவர் கெப்பாசிட்டரைப் பார்க்காமல் சுவிட்சைப் போடாதீர்கள். மூன்றாவதாக, ஒரு வெள்ளைத் தாளில், அது எந்த வருஷம் வந்தது, எந்த அறையில் இருந்தது, யார் யார் உபயோகித்தார்கள், எதை எப்பொழுது மாற்றினீர்கள் என்று உங்கள் கையாலேயே எழுதி, மூடிக்கு அடியில் வைத்துவிடுங்கள். என் நண்பருடைய யந்திரத்தில் அப்படி ஒரு தாள் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது பாதிப் பக்கம். மீதிப் பாதியை அடுத்து வருகிறவருக்காக விட்டு வைத்திருக்கிறார்.